கடல் இருக்கும் வீட்டின் சாவி

அழைப்பு மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தவளின் முகத்துக்கு நேரே ஒரு தட்டு நீண்டது. தட்டில் கொஞ்சம் வெள்ளை க்ரீம்... அதன் நடுவில் சின்னதாக ஒரு குழி.

"இது என்னன்னு தெரியுதா?"

கேட்டவன் நெடுநெடுவென்று இருந்தான். முழங்கை வரை மாவு. கீழ் வீட்டுக்குக் கல்யாணக் கேக் செய்கிறவர் ஒருவர் குடிவந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னது நினைவுக்கு வந்தது. கோபத்திலும் அந்தக் கண்கள்... சே, ஓர் ஆணுக்கு இவ்வளவு நீள இமைகளா! அவள் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். இன்று ஏனோ கண்ணைத் தாண்டிக் கீழே இறங்க முடியவில்லை.

"வெளிய மழை பெய்யுது. கூரை ஒழுகியிருக்கும்," என்றாள், சமாளித்துக்கொண்டு.

"நானும் மழைன்னுதான் நெனச்சேன். நக்கிப் பாத்தா உப்புக் கரிக்குது. எந்த ஊர்லங்க மழை உப்பாப் பெய்யுது?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருந்தது. சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, அதில் அவள் விரல் நுனியளவிலிருந்து வளர்த்த பவளங்கள், அவற்றினிடையே ஒரு ஜோடி கோமாளி மீன்கள். ஊரில் இப்படி ஒரு தொட்டி இன்னொன்று இருந்தால் காட்டட்டும் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம்.

"என் தொட்டியிலேர்ந்து ஒரு சொட்டு வெளிய போகாது," என்று தலையை நிமிர்த்திச் சொன்னவள், ஓரடி பின்னால் வைத்தாள். கால் சளக்கென்று ஈரத்தில் பதிந்தது.

அவன் குனிந்து அந்த ஈரத்தை மட்டும் பார்த்தான். ஏதாவது சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். அந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காகக் குடும்பமே ஒரு மலை வீட்டுக்குப் போகிறது. தொட்டியை விட்டு வர முடியாது என்று சொல்லி முந்தைய இரண்டு பயணங்களுக்கும் அவள் டிமிக்கி கொடுத்தாயிற்று. "இந்தத் தடவையும் மீன்தானாம்மா?" என்று அப்பா கேட்ட குரல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வந்தே தீருவேன் என்று சத்தியம் செய்திருந்தாள். தொட்டித் தண்ணீர் ஆவியாகக் குறையும். உப்பு மட்டும் தங்கிவிடும். அதை ஈடுகட்ட நல்ல தண்ணீரைத் தானாக ஊற்றும் கருவி ஒன்றை வாங்கி, போவதற்கு முன்னால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டம் ஏறினால் ஒரு மிதவை மேலே எழும்பும், கருவி நின்றுவிடும். இன்று அது எழும்பவே இல்லை. குனிந்து பார்த்தால், மிதவையின் தலையில் ஒரு நத்தை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இவர்தான் குற்றவாளியா?" பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த அவன் சிரித்துவிட்டான்.

"சிரிக்காதீங்க!"

"சரி, சிரிக்கல. ஆனா ஒண்ணு... உங்க கடல்ல உப்பு கம்மிங்க."

"என்ன?"

"நான் நாக்கை வெச்சுப் பொழைக்கிறவன். கடல்ல குளிச்சுத் தண்ணி குடிச்சவனுக்குத் தெரியாதா? இது அந்த உப்பு இல்ல."

விறுக்கென்று போய் உப்பு மீட்டரைத் தண்ணீரில் வைத்தாள். நல்ல தண்ணீர் ஏகத்துக்கும் கலந்து, உப்பு இறங்கித்தான் இருந்தது. அதற்காக ஒப்புக்கொள்ள முடியுமா என்ன?

"ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டீங்க," என்றாள்.

ஆனாலும் கேக்கைக் கெடுத்தது அவள் தொட்டி. அவள் யாருக்கும் கடன்பட்டுப் பழகியவளில்லை. கிளினிக் பையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் படியிறங்கினாள். கீழே மேசை மேல் மூன்றடுக்குக் கேக்... மேலடுக்கில் சர்க்கரைப் பூக்கள் கரைந்து அழுது வழிந்தன.

"தள்ளுங்க. பல்லையே செதுக்கற கை இது, பூ வராதா?"

"பல் டாக்டர் வந்து கேக் செய்யறாங்கன்னு வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"உங்க புண்ணியத்துலதாங்க எங்க தொழிலே ஓடுது."

ஜன்னலில் மழை சடசடத்தது. மெல்லிய கொக்கியால் அவள் இதழ் இதழாக விரித்துக்கொண்டே போனாள். பக்கத்தில் அவன் மூச்சுவிடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கேக்கைத்தான் பார்க்கிறான் என்று நினைத்து நிமிர்ந்தாள். இல்லை... காது மடல் சூடானது.

"கடைசிப் பூவை நான்தான் வைப்பேன்," என்று வாங்கிக்கொண்டான் அவன். "அது இல்லாம என் கேக் படியிறங்கினதே இல்ல."

திமிர் பிடித்தவன், என்று நினைத்தாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் உப்பை ஒரேயடியாகக் கொட்டாமல், மீன்களுக்கு ஒத்துக்கொள்ளும்படி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். தினமும் சாயங்காலம் அவன் மேலே வந்து நின்று வேடிக்கை பார்த்தான். பெரிய கோமாளி மீனுக்கு அவள் வைத்த பெயர் மகாராணி. தொட்டிக்குள் கைவிட்டால் யாரானாலும் ஒரு கடி. அவனையும் கடித்தது.

"வீட்டுக்காரங்க மாதிரியே," என்றான் விரலை உதறிக்கொண்டு.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு, தொட்டியருகே நின்றிருந்தவனிடம் இவள் மெதுவாகச் சொன்னாள், "நான் போகப் போறதில்ல. மெஷினை நம்ப முடியாது."

"நான் இருக்கேனே?"

"உங்களுக்கென்ன தெரியும்? கேக்குக்கு ஜிகினா தூவற மாதிரி தீனியைத் தூவிடுவீங்க. தண்ணி கெட்டுப் போகும். இது என்னைத் தவிர வேற யாராலயும் முடியாது."

அவன் முகம் சுண்டிப் போனது. "அப்படிச் சொல்லுங்க. மீனுக்காக நீங்க போகாம இல்ல. நீங்க இல்லேன்னா இங்க எதுவும் நடக்காதுங்கற நெனப்புக்காகப் போகாம இருக்கீங்க. பாவம், உங்கப்பா."

படபடவென்று இறங்கிப் போய்விட்டான். இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் இவன், என் அப்பாவைப் பற்றிப் பேச? தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தாள். கோபம் இறங்க இறங்க, அடியில் கிடந்த உண்மை தெரிந்தது. இத்தனை வருடமாக இந்த வீட்டுச் சாவியை அவள் அம்மாவிடம்கூடக் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியது இப்போதுதான்... அதுவும் சண்டை போட்டுவிட்டுப் போனவனிடம்.

விடிந்ததும் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பல் செட் வைக்கும் குட்டி டப்பாக்களில் ஒவ்வொரு நாளுக்கும் தீனியைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு ஒரு டப்பா. மகாராணி பட்டினி மாதிரி மூஞ்சியை வெச்சுக்கும், நம்பக் கூடாது. கரண்ட் போனா பேட்டரி பம்ப். அதுவும் நின்னா, ஜக்கால மொண்டு மேலேர்ந்து ஊத்தணும். தண்ணி அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். சாயங்காலம் ஒரு போட்டோ."

சாவியை அவன் உள்ளங்கையில் வைத்த பிறகும் அவள் விரல் அதை உடனே விடவில்லை. அவன் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டான். அந்த மரியாதை அவளுக்குப் புரிந்தது.

மலை வீட்டில் வெள்ளிக்கிழமை படம் வந்தது. சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு காலை, அப்பாவின் பிறந்தநாளன்று, எல்லோரும் கூடத்தில் கூடியிருக்க இவள் ஓரமாகப் போய்ப் போன் செய்தாள்.

"நேத்து ஏன் படம் வரல?"

"கரண்ட் இல்லீங்க. மத்தியானம் போனது, இருட்டியும் வரல, நடுராத்திரிதான் வந்துது. பேட்டரியும் தீர்ந்துடுச்சு. ஜக்கால ஊத்திக்கிட்டே இருந்தேன். எல்லாரும் சௌக்கியம். மகாராணி ரெண்டு தடவை கடிச்சிது."

"எனக்குச் சொல்லணும்ல? என் தொட்டிங்க அது!"

"சொன்னா கிளம்பி வந்திருப்பீங்க. உங்கப்பா இன்னைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நேத்து... ஒரு கல்யாணத்துக்கு உங்க கேக் போகணுமே?"

"போச்சு. அவங்களே வந்து எடுத்துட்டுப் போனாங்க. கடைசிப் பூவை வைக்கத்தான் நேரமில்ல."

அவள் அசையாமல் நின்றாள். அந்தக் கடைசிப் பூ அவனுக்கு என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மலைக் காற்றில் கண் கரித்தது. காற்றால் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

"யாரும்மா போன்ல?" அப்பா கூடத்திலிருந்தே கேட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின.

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறவர்ப்பா."

அக்காவின் கையிலிருந்த கரண்டி நழுவியது. அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார், "அவருக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரிஞ்சிருக்கும். போன் ஆன்லதான் இருக்கு."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டாள். மறுமுனையில் தொட்டி மோட்டாரின் முனகல் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல், லேசாக உடைந்து...

"சார்... நான்தான் முதல்ல சொல்றதா இருந்தேன். மீனுங்க முன்னாடி ஒத்திகைகூடப் பாத்துட்டேன். அவங்க முந்திட்டாங்க."

"பரவால்ல, சொல்லுங்க. கேக்கறோம்."

"டாக்டர்... நீங்க சீக்கிரம் வரணும். மீனுக்காக இல்ல. எனக்காக."

கூடமே இவள் முகத்தைப் பார்த்தது. கன்னம் சிவந்துதான் இருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

"இன்னைக்கு எங்கப்பா பிறந்தநாள். புதன்கிழமைதான் வருவேன்," என்றாள். "அதுவரைக்கும் என் மீனையும் என் ஆளையும் பத்திரமாப் பாத்துக்குங்க."