கொலைக்கு முன் கொஞ்சம் சுற்றுலா

செல்போன் அலறியது.

ஹேமலதா எடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லு செந்தில்."

"ஜோயா ரெடியா?"

"ரெடி. வேலூரைச் சுத்திப் பார்க்கப் போறோம்னு ஒரே குஷியில இருக்கா."

"நல்லா பார்க்கட்டும். திரும்பி வரப் போறதில்லையே!"

சென்னை லேடீஸ் ஹாஸ்டலில் ஹேமலதாவின் ரூம்மேட் ஜோயா. ஹைதராபாத் பெண் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். போன வாரம் காபி டம்ளரோடு வந்து அவள் கேட்ட ஒரு கேள்வி, ஹேமலதாவை அந்த நிமிஷமே செந்திலுக்கு போன் போட வைத்தது.

"ராத்திரி தூக்கத்துல ஒளறினியேடி... யாரு அந்த உமர்? எதுக்கு 'கொன்னுட்டோம், கொன்னுட்டோம்'னு அழுதே?"

உமர் ஃபாரூக்! மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஃபேக்டரியின் சூப்பர்வைசர். மேனேஜர் செந்தில்குமார் கழிவுநீரைத் திருட்டுத்தனமாகப் பாலாற்றில் திறந்துவிடுவதைக் கண்டுபிடித்தவன். கலெக்டரிடம் போகப் போகிறேன் என்றான். செந்திலின் காதலி ஹேமலதா சிரித்துப் பேசி அவனைத் தனியாக வரவழைத்தாள். செந்தில் இரும்புத் தடியால் மண்டையைப் பிளந்தான்.

பையன் துபாய்க்கு ஓடிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. நிம்மதியாக இருந்தார்கள்.

இப்போது இந்த ஜோயா! வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் தூக்குக் கயிறு.

வேலூர்க் கோட்டை. மதில் மேல் நின்று ஜோயா அகழியை எட்டிப் பார்த்தாள். செந்திலின் கை அவள் முதுகை நெருங்கியது. இன்னும் ஒரு ஜாண்...

"அண்ணா, எங்க கேங்கை ஒரு போட்டோ எடுங்கண்ணா!"

கல்லூரிக் கும்பல்! செந்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான்.

லாங் பஜார். லோடு ஆட்டோ ஒன்று கண்மண் தெரியாமல் வந்தது. ஹேமலதா ஒரே இடி இடித்தாள். ஜோயா ஆட்டோவின் எதிரே விழாமல் தள்ளுவண்டி மேல் போய் விழுந்தாள். வெங்காயம் உருண்டது. முழங்கையில் ரத்தம்.

"சாரிடி! யாரோ இடிச்சுட்டாங்க!"

"பரவால்லடி. அடுத்து எங்க?"

ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிட்டாள். பாலாற்றுப் பாலத்தில் செல்ஃபி எடுத்தாள். செந்தில் பேஜாராகிப் போனான்.

"இவளுக்கு இன்னும் எவ்ளோ ஊரைக் காட்றது?" ஹேமலதாவின் காதில் உறுமினான். "ஃபேக்டரிக்கே இட்டுட்டுப் போயிடலாம். பூட்டித்தான் கெடக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

சாயந்திரம். மேல்விஷாரம்.

ஃபேக்டரி ஷட்டர் அவர்களுக்குப் பின்னால் இறங்கியது.

நாற்றம் குடலைப் புரட்டியது. ஹேமலதா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏசி ரூமிலேயே உத்தியோகம் பார்த்த செந்திலும் முகத்தைச் சுளித்தான்.

ஜோயா சாவகாசமாக நின்றாள்.

"உனக்கு நாத்தம் அடிக்கல?" கேட்டுக்கொண்டே தோல் சீவும் கத்தியை எடுத்தான் செந்தில்.

"அடிச்சா இன்னா? பொறந்ததிலேர்ந்து இந்த வாசனையிலதானே வளர்ந்தேன்!"

இன்னா! இந்த ஊர்ப் பக்கத்துப் பேச்சு. அந்த வார்த்தை இதுவரை அவள் வாயில் வந்ததே இல்லை.

"ஹேமா... இவ ஹைதராபாத் இல்லடி!"

"எந்த ஊரா இருந்தாலும் குத்துடா!"

பாய்ந்தான். கத்தி ஜோயாவின் தோளைக் கிழித்தது. ரத்தம் சுவரில் தெறித்தது.

"அந்த உமர் பக்கத்துலயே உனக்கும் எடம் இருக்குடி!" தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியை மூடியிருந்த சிமென்ட் பலகையை எட்டி உதைத்தான்.

ஜோயா அந்தப் பலகையைப் பார்த்தாள்.

"அதான் வேணும். அவ்ளோதான்."

பக்கத்திலிருந்த மூட்டையிலிருந்து சுண்ணாம்புத் தூளை அள்ளி அவன் முகத்தில் வீசினாள்.

"ஐயோ... கண்ணு! என் கண்ணு!"

கத்தி விழுந்தது. முழங்காலில் ஒரு உதை. எலும்பு முறிந்த சத்தம் ஹேமலதாவுக்கே கேட்டது. இரும்புத் தடியோடு ஓடி வந்தவளின் கூந்தலைப் பிடித்து, மரப் பீப்பாயில் முகத்தை மோதினாள் ஜோயா. இரண்டு பற்கள் தரையில் விழுந்தன.

"யா... யாருடி நீ?"

"உமரோட தங்கச்சி. அவன் கடைசியா போன்ல பேசினது உன்கிட்டதான்னு தெரியும். ஆனா பொணம் கெடைக்காம கேஸ் நிக்காதும்மான்னு போலீஸ்ல சொன்னாங்க. அதான் உங்களையே காட்ட வச்சேன்."

"நான் தூக்கத்துல ஒளறினதை வச்சா..."

"நீ எங்கடி ஒளறினே? கும்பகர்ணன் மாதிரி தூங்கினே! நானாதான் அடிச்சு விட்டேன்!"

ஹேமலதா பேயறைந்தது போல் பார்த்தாள்.

ஜோயா பலகை மேல் சாய்ந்தாள். அவ்வளவு நேரம் வராத அழுகை இப்போது பீறிட்டது.

"வீட்டுக்குப் போலாம் வாண்ணே... அம்மா சாப்பிடாம இருக்கு..."

ஷட்டர் படீரென்று உயர்ந்தது. துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர் ஜோதி!

"ஜோயா, நீ எனக்குப் போட்ட கால் ஆன்லயேதாம்மா இருந்தது. பேசினதெல்லாம் ரெகார்ட் ஆயிடுச்சு."

கையில் விலங்கு மாட்டியதும் செந்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதான்.

"மேடம்... எங்களை எங்க இட்டுட்டுப் போறீங்க?"

ஜோதி சிரித்தாள்.

"வேலூர் வந்துட்டு தொரப்பாடி ஜெயிலைப் பார்க்காம போலாமா? என்ட்ரி ஃப்ரீ... எக்ஸிட்தான் கொஞ்சம் லேட்டாகும்!"