கடைசி ஆளுக்குப் பின்னால்

இப்போதெல்லாம் நடக்க வருகிறவர்கள் நடப்பதில்லை. காதில் எதையாவது செருகிக்கொண்டு காலை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள். பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது. கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணும் அதே ரகம்தான். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரக் கிளம்பினாள். ஊருக்குப் புதுசு. அணையில் சங்கு ஊதியது அவள் காதில் ஏறவேயில்லை.

பாதிச் சுற்றில் தூறல் விழுந்தது. காதில் இருந்ததைக் கழற்றினாள். அப்போதுதான் கேட்டது... பின்னால் பூட்ஸ் சத்தம்.

நின்றாள். சத்தமும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். மழைக்கோட்டு... அதற்குள் முகமே தெரியவில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரக்கூட்டம். திரும்பலாம் என்றால் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். வட்டப் பாதை செய்கிற வஞ்சனை அது.

வளைவு வந்ததும் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் ஒண்டி, வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்ஸ் சத்தம் தாண்டிப் போனது.

நெஞ்சு அடங்கியபின் மெல்ல நடந்து, அணை ஷட்டர்களுக்குக் கீழே இருந்த தரைப்பாலத்தில் கால் வைத்தாள். பாதிப் பாலம் வந்தபோது எதிர்க்கரையில்... அவனேதான்! வாயருகே விசில். அவளைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுடா!" கையிலிருந்த குடையால் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"அப்புறம் அடிங்க! முதல்ல கரைக்கு வாங்க!"

கரையில் அவளுக்கு மூச்சிரைத்தது. "எதுக்கு என் பின்னாடியே வந்தே?"

"நீங்க முன்னாடி போனதாலதாங்க!"

அவன் ஷட்டர்காரன். மழைக்காலத்தில் சாயங்காலம் சங்கு ஊதித் தண்ணீர் திறப்பார்கள், பாலம் மூழ்கிவிடும். அதனால் கடைசியாக நடக்கிறவருக்குப் பின்னால் இவன் சுற்றி வரவேண்டும். முந்தவும் கூடாது, குரல் கொடுத்து விரட்டவும் கூடாது. முன்பு ஒருவர் பதறி ஓடி வழுக்கி விழுந்திருக்கிறார். இவன் விசில் அடித்தால் அணைமேல் இருக்கும் பெரியவர் ஷட்டரைத் திறக்கும் சக்கரத்தைச் சுற்றுவார்.

"காணோம்னதும் பாலம் தாண்டிப் போய்ட்டீங்கன்னு நினைச்சேன். விசிலை வாயில வச்சிட்டேங்க..."

அவன் இமையில் மழைத்துளி நடுங்கியது. எத்தனையோ கண்களைப் பார்த்தவள் அவள். தனக்காக இப்படிப் பயந்த கண்ணை இன்றுதான் பார்த்தாள்.

ஆனால் பயம் அவனுக்குக் கோபமாக வந்தது. "ஒளிஞ்சு விளையாட இது என்ன உங்க வீட்டுத் தோட்டமா?"

"பேய் மாதிரி பின்னாடி வந்தா மாலையா போடுவாங்க?"

விறுக்கென்று போய்விட்டாள்.

வீட்டில் அண்ணன் ஒரே போடாகப் போட்டான். "இனி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே."

படுக்கவில்லைதான். தூக்கமும் இல்லை. கடையில் இருக்கும்போது சங்குச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். இன்று யார் ஒளிந்தார்களோ... யாரையாவது இழுக்கப்போய் அவனே வழுக்கிவிட்டால்? வீம்பு ஒரு பக்கம், திகில் ஒரு பக்கம். கடைசியில் திகில்தான் ஜெயித்தது.

"போய்ட்டு வரேன்ண்ணா. இப்ப எனக்குக் காது நல்லாக் கேட்குது."

அண்ணன் முறைத்தான். அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

எல்லோரையும் முன்னால் போகவிட்டு நடந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம் வந்தபோது உடம்பு சிலிர்த்தது. பாலம் தாண்டிக் கரை ஏறியதும் அவன் கேட்டான்.

"ஊரே போயாச்சு. நீங்க மட்டும் ஏங்க ஆமை மாதிரி?"

"கடைசி ஆளுக்குப் பின்னாடிதானே நீங்க வருவீங்க?"

எடுத்த விசிலை அவன் திரும்பப் பைக்குள் போட்டான். அவளே தொடர்ந்தாள்.

"உங்களுக்கு என்ன ஆச்சோன்னு தினமும் பயந்து செத்தேங்க. பார்த்ததும் அது போயிருச்சு. இப்ப வேற பயம்..."

"என்ன பயம்?"

"வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு."

"நான் எப்படிங்க சொல்லுவேன்? அன்னிலேருந்து யார் பின்னாடி நடந்தாலும் உங்க முதுகுதான் தெரியுது..."

"டேய்! விசில் எங்கடா?" மேலிருந்து பெரியவரே இறங்கி வந்துவிட்டார். இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். அவள் முகம் சிவந்து தலைகுனிந்தாள்.

"பெரியவரே, இவங்க வந்து..." அவன் தடுமாறினான்.

"தெரியுது, தெரியுது. அன்னிக்கு நடந்ததைச் சொன்னியே. பயத்துல பிடிச்ச கை, பயம் தெளிஞ்சதும் விட்டுடும். எத்தனை பார்த்திருக்கேன்."

"விடமாட்டேன் பெரியவரே!" என்றாள் அவள்.

"மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்."

தலையை ஆட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார்.