அடுத்த கப்பலில் வரும்

இன்ஸ்பெக்டரின் அறைக்குள் நுழைந்ததும் விஜயகுமாரி முதலில் செய்தது, சேலைத் தலைப்பை இழுத்து இடது கையை மூடிக்கொண்டதுதான்.

"என் வீட்டுக்காரரு கொலை செய்யலங்க மேடம்," என்றாள். சொன்னது உண்மையா என்று தனக்கே தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

இன்ஸ்பெக்டர் விசாலாட்சி நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் கௌதமுக்குத்தான் அவசரம்.

"கேஸ் பக்கா மேடம். நேத்து காலையில இவங்க புருஷன் ஷோரூம்ல எல்லார் முன்னாடியும் 'உன்னைக் கொன்னுடுவேன்'னு செந்தமிழன் சட்டையைப் பிடிச்சிருக்கான். ராத்திரி செந்தமிழன் மண்டை பிளந்து ஒர்க்ஷாப்ல கிடக்கிறாரு. இவன் சாத்தம் படகுத்துறையில குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறான். இன்னும் என்ன வேணும்?"

செந்தமிழன் அந்த மோட்டார் சைக்கிள் ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர். விஜயகுமாரியின் கணவன் உதயசூரியனின் புது வண்டி வாங்கிய ஐந்தாம் மாதமே எஞ்சின் இறுகி நின்றுபோனது. அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறிப் போய்க் கேட்டான். இந்தத் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து பார்ட்ஸ் வர வேண்டும், அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். இரண்டு மாதம் அதே பதில். கடைசியில், வண்டியை ஃபெர்ரியில் ஏற்றி இறக்கியதில் எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவன் ஒவ்வொரு முறை வெறுங்கையோடு திரும்பிய மாலையும் விஜயகுமாரியின் உடம்புக்குத் தெரியும். கப்பல் வராத குற்றத்துக்கும் அவளே பொறுப்பு.

விசாலாட்சி மேசைமேல் இரண்டு பாலிதீன் உறைகளை வைத்தார். ஒன்றில் எஞ்சினின் கிராங்க், உள்ளே சுழலும் கனத்த இரும்புத் தண்டு. உறைந்த ரத்தத்துக்கும் ஒட்டிய முடிக்கும் இடையே அது எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது. "உங்க வண்டியோடதுதான். இதாலதான் அடிச்சிருக்கு. முகமே மிச்சமில்லை."

இன்னொன்றில் ஒரு கைக்கடிகாரம். கண்ணாடி நொறுங்கி, எட்டரையில் நின்றிருந்தது.

"அவரோடதா?"

விஜயகுமாரி தலையசைத்தாள். மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"அடிச்ச வேகத்துல கழண்டு விழுந்து நொறுங்கியிருக்கு மேடம்," என்றான் கௌதம்.

விசாலாட்சி உறையைத் திருப்பினார். "வார் அறுபடலையே. கொக்கிகூட வளையல."

"லூசா இருந்திருக்கும்."

"ம்," என்றவரின் பார்வை மூடிய கைக்கு வந்தது. "கையில என்னம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்க."

விசாலாட்சி எழுந்து தொப்பியை எடுத்தார்.

அன்று பகலிலேயே எல்லோரையும் ஷோரூமுக்கு வரச்சொன்னார். விலங்கு மாட்டிய உதயசூரியன் மனைவியைப் பார்த்தான். வீட்டில் சோறு தாமதமானால் பார்க்கும் அதே பார்வை. முதலாளி ராக்கப்பன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் சித்ரா, பில் போடும் பெண், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்பக்கத் தரையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இவர் எஞ்சினைப் பிரிச்சு எத்தனை நாளாச்சு?" என்றார் விசாலாட்சி.

"ரெண்டு மாசம் மேடம். உள்ள பூரா உப்புத் தண்ணி," என்றார் ராக்கப்பன்.

"என் வீட்டு அருவாமனை ரெண்டு நாள் ஈரத்துல கிடந்தா செவந்துடுது. இந்த ஊரு காத்து அப்படி. உப்புத் தண்ணி குடிச்ச இரும்பு ரெண்டு மாசம் கழிச்சு இப்படியா மின்னும்?" கிராங்கைத் தூக்கிக் காட்டினார். "இது எங்க இருந்துச்சு?"

"வாரண்டி பார்ட்ஸ் கம்பிக்கூண்டுல. மெயின்லேண்ட்லேருந்து கம்பெனி ஆள் வந்து பாக்குற வரைக்கும் பூட்டித்தான் வைப்போம். சாவி செந்தமிழன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

கௌதம் குறுக்கிட்டான். "செந்தமிழனே தொறந்து காட்டியிருக்கலாம் மேடம். துரு இல்லன்னு பாத்ததும் இவனுக்கு வெறி ஏறி, அதையே பிடுங்கி அடிச்சிருப்பான்."

"இருக்கலாம். கடல் தண்ணி பொய்ங்கறது வரைக்கும்தான் கிராங்க் சொல்லுது. மிச்சத்தை வாட்ச்தான் சொல்லணும்." விசாலாட்சி திரும்பினார். "அம்மா, காலையில இதைப் பாத்ததும் உங்க மூச்சு நின்னுச்சு. புருஷன் வாட்சை அடையாளம் தெரிஞ்சா மட்டும் அப்படி நிக்காது."

விஜயகுமாரி தரையைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் ஆயுசுக்கும் உள்ளே இருப்பான், வீடு அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் காலையிலிருந்து அவள் ரகசியமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் செய்யாததற்காக அவன் ஜெயிலுக்குப் போய்விட்டால், அவளுக்குச் செய்தது எதுவுமே நடக்காததாகிவிடும்.

"இவரு அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டி வச்சிருவாருங்க," என்றாள்.

"வாய மூடுடி!" உதயசூரியன் விலங்கோடு பாய்ந்தான். கௌதம் அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான்.

"கண்ணாடி ஒடஞ்சிருமாம். ஃபிரிட்ஜ் மேல வைப்பாரு. அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்ப அணைச்சிருவேன். அடிச்சு முடிச்சா அது நெனப்பே இருக்காது. மறுநாள் நான்தான் எடுத்துக் குடுப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவகூட வாட்சோட அடிச்சதில்லைங்க." அவள் தலைப்பை விட்டாள். முழங்கைக்கு மேல் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

விசாலாட்சி கவுன்ட்டருக்குப் போனார்.

"சித்ரா, நேத்து காலையில சண்டை போட வந்தப்போ இவர் வாட்சைக் கழட்டினாரா?"

"ஆமா மேடம். இங்க வச்சிட்டுத்தான் மேனேஜர் சார் சட்டையைப் பிடிச்சாரு. பசங்க இழுத்து வெளிய தள்ளிட்டாங்க. எடுக்காமலே போயிட்டாரு."

"அப்புறம் அது எங்க போச்சு?"

சித்ரா ராக்கப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "முதலாளி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. வந்தா குடுக்கலாம்னு."

ராக்கப்பனின் கைக்குட்டை கீழே விழுந்தது. எட்டி சித்ராவின் கூந்தலைப் பிடித்து அவள் முகத்தைக் கவுன்ட்டர் கண்ணாடியில் அறைந்தார். கண்ணாடி சிதறியது. கௌதம் உதயசூரியனை விட்டுவிட்டுத் தாவி அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். மூக்கில் வழிந்த ரத்தத்தோடு சித்ரா எழுந்து உட்கார்ந்தாள். விஜயகுமாரி ஓடிப்போய்த் தன் தலைப்பால் துடைத்தாள்.

"புது கிராங்க் வந்துருச்சா?" என்றார் விசாலாட்சி குனிந்து.

"மொதக் கப்பல்லயே வந்துச்சு," ராக்கப்பன் தரையில் வாயை வைத்தபடி உறுமினார். "வேற ஆளுக்கு வித்துட்டேன். கம்பெனிக்காரன் வந்தா சொல்லிடுவேன்னு நின்னான் செந்தமிழன். கூண்டைத் தொறந்து பழைய கிராங்கை எடுத்தேன். விழுந்தும் முறைச்சான். அதான் முகத்துலயே போட்டேன்."

கௌதம் நிமிர்ந்தான். "வாட்சை எட்டரைக்கு வச்சு ஒடைச்சது, இவன் தனியா குடிச்சுக் கெடந்த நேரம்னு தெரிஞ்சா மேடம்?"

"குடிச்சது தெரிஞ்சிருக்காது. கோபக்காரன்னு தெரியும். கோபக்காரன் வாட்ச் அடிதடியில தெறிச்சு ஒடையும்னு நெனச்சுட்டாரு. இவர் அதையும் பத்திரமா கழட்டி வச்சிட்டு அடிக்கிற ஆளுன்னு வீட்ல இருக்கிறவங்களுக்குத்தானே தெரியும்."

சாயங்காலம் ஸ்டேஷனில் விலங்கை அவிழ்த்தார்கள். உதயசூரியன் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

"வா, ஃபெர்ரிக்கு நேரமாச்சு," என்றான். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்." அவன் வலது கை, தன் நினைப்பில்லாமலே, இடது மணிக்கட்டுக்குப் போனது. விரல்கள் வாரைத் தேடின. அங்கே கழற்ற ஒன்றுமில்லை. கடிகாரம் சாட்சிப் பொருளாக விசாலாட்சியின் மேசையில் இருந்தது.

விஜயகுமாரி அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்க சொன்னதை மறுபடி சொல்றேன் மேடம்," என்றாள். "இப்போ என் கேஸா எழுதிக்குங்க."