பாசி போன சிலுவை

2006. பெரிய வியாழனுக்கு முதல்நாள், காலை 8.10. கர்க்லாண்ட் தேவாலய முற்றத்துக் கற்சிலுவை குளித்து முழுகியதுபோல் பளபளத்தது.

இங்கிலாந்துக் கிராமமொன்றிலிருந்து கப்பலேறி வந்த மத்தியகாலச் சிலுவை. அதன் பாசிக்குக்கூடச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாசிதான் அடியோடு போயிருந்தது.

மரபுச்சின்ன அதிகாரி கத்தரின் அழாக்குறையாக நின்றாள். "மத்தியானத்துக்குள் ஆளைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை உங்கள் சிலுவைப்பாதைக்கு முற்றம் கிடையாது" என்று பிரெஞ்சில் சொன்னாள்.

அக்னெஸுக்குத் திக்கென்றது. தமிழ்ப் பங்கு மக்களுக்கு முதன்முதலாக அந்த முற்றத்தைக் கேட்டு நடையாய் நடந்தவள் அவள். பங்கில் எது தொலைந்தாலும் கண்டுபிடிப்பவளும் அவளே. நேற்று வாங்கிய பழப்புளியை எங்கே விட்டாள் என்பது மட்டும் அவளுக்கே தெரியவில்லை. முந்தாநாள்தான் ஐந்தாவது தடவையில் லைசன்ஸ் கிடைத்து, இன்று கணவர் கிறகரியைத் தானே காரில் ஏற்றி வந்திருந்தாள்.

"பெடியளின்ர குழப்படி. பொலிசைக் கூப்பிடுவம்" என்றார் பங்குச்சபைத் தலைவர் றெனோல்ட்.

அக்னெஸ் குனிந்தாள். பனி கரைந்த சேற்றில் வெறுங்கால் தடங்கள். கல்லை முகர்ந்து பார்த்தாள். புளி மணம்.

"பெடியள் இல்லை. இந்தக் குளிரில சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சிலுவையைத் தொட எங்கட ஆள்தான் வேணும். றெனோல்ட் அண்ணை, விடிய எங்க நிண்டனீங்கள்?"

"புவாண்ட்-கிளேரில இரவு வேலை. என்னோட வேலை செய்யிற டனிஸ்ரனும் நிண்டவன், கேட்டுப்பாரும்."

பின்னால் கிறகரி தும்மினார். பிறகு இன்னொருமுறை தும்மினார். அக்னெஸ் மெதுவாகத் திரும்பினாள்.

"கத்தரின், ஆள் இவர்தான். என்ர மனுசன்."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"வந்தவர் ஒண்டையும் உடைக்கேல்லை. துலக்கிப்போட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் ஒருத்தரும் கவனிக்கேல்லை. இது நேர்த்திக்கடன். இந்தக் கிழமை லைசன்ஸ் கிடைச்சது எனக்கு. பழப்புளி போனது என்ர குசினியில. விடிய நடக்கப் போறனெண்டு வெளிக்கிட்டவர் இப்ப தும்முறார்."

கிறகரி தலையைக் குனிந்தார். "ஓம். பாசி பிடிச்சுக் கிடந்துது. மினுக்கிவிட்டால்தானே மரியாதை?"

அக்னெஸ் எல்லாவற்றையும் பிரெஞ்சில் திருப்பிச் சொன்னபோது, நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று விளங்கவே கத்தரினுக்கு நெடுநேரம் பிடித்தது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முற்றம் உண்டு. கிறகரி மட்டும் வெள்ளிக்கிழமை முழுவதும் சிலுவையைத் தொடாமல் தள்ளி நின்று காவல் காக்க வேண்டும்.

அக்னெஸுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நான் பாஸ் பண்ணமாட்டனெண்டோ நேர்த்தி வைச்சனீங்கள்?"

"சீச்சீ, நீர் பாஸ் பண்ணுறதுக்கில்லையப்பா. நீர் கார் ஓடிப் பழகேக்க பக்கத்தில இருந்தது நானெல்லே. உயிரோட வீடு வந்து சேரவேணுமெண்டு வைச்சது."