வசூலாகாத குற்றவாளி

அந்த அலுவலக அறையில் இருந்தவர்கள்:

பஞ்சுக் கிடங்கின் முதலாளி. நேற்று மாலை கிடங்கு எரிந்துபோனதற்கு அழ வேண்டியவர், எண்ணெய் தடவித் தலை சீவி வந்திருந்தார்.

அவருடைய மருமகன். கூரை வேலை எடுத்துச் செய்யும் காண்டிராக்டர். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி.

முதலாளியின் ஒரே மகள், அந்தக் கண்ணாடிக்காரரின் மனைவி. யாரும் உட்காரச் சொல்லாததால் வாசலோரம் நின்றாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர். நஷ்டத்தை மதிப்பிடுவது அவர் தொழில்; மனிதர்களை மதிப்பதில்லை.

அவருடைய உதவியாளர். எதற்கும் முந்திக்கொள்வதால் அலுவலகத்தில் வைத்த பெயர் ‘அவசரம்’.

பக்கத்துச் சாமான் அறையில், வெளிப்பூட்டுக்குள், காவல்காரர். அவரையும் ஒரு ஆளாகச் சேர்த்தால். முதலாளி சேர்க்கவில்லை.

முதலாளி கதையைத் தடங்கலில்லாமல் சொன்னார். காவல்காரன் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து புகைத்தான், அணைக்காமல் வீசினான், எல்லாம் போயிற்று. கூரை ஒழுக்கை அடைக்க மருமகனிடம் சொல்லி வைத்திருந்தார். வேலை தொடங்குவதற்குள் இப்படி ஆகிவிட்டது. மருமகன் நேற்று முழுக்க வெளியூர். தீ அணைந்த பிறகு, இன்று காலைதான் வந்து சேர்ந்தார். போலீசுக்கும் சொல்லியாயிற்று. ஆதாரமாக மேசைமேல் ஒரு பாதி சிகரெட்டை வைத்தார். சாம்பலிலிருந்து தன் கையாலேயே பொறுக்கியதாம்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் சாமான் அறைக் கதவருகே போய், புகைக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் கேட்டுக்கு வெளியேதான் என்று உள்ளிருந்து பதில் வந்தது. “நான் வேலைக்கு வர்றப்பவே கிடங்குக்குள்ள இருந்து புகை வந்துட்டிருந்துதுங்க. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. ஜெயில்ல போட்டுருவாங்களா?”

சர்வேயர் கிடங்குக்கு நடந்தார். அவசரம் பின்னாலேயே ஓடினான்.

“கேஸ் முடிஞ்சுது சார்.”

“உனக்கு எல்லாமே ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுரும்.”

உள்ளே கூரையின் இரும்புச் சட்டங்கள் வாடிய கீரைத்தண்டுபோல் வளைந்து தொங்கின. தரை எங்கும் கரி. நடுச்சட்டத்துக்கு நேர் கீழே மட்டும் சாக்கு அகலத்துக்கு ஒரு சதுரம் கருகாமல் வெளுத்திருந்தது. அதன் ஓரத்தில் கடுகுபோல் இரும்பு உருண்டைகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. அவசரம் நகத்தால் ஒன்றைப் பெயர்த்து, துப்பாக்கி ரவையா என்று கேட்டான். சர்வேயர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அறைக்குத் திரும்பியபோது மருமகன் கறுப்புக் கண்ணாடிக்குள் கைக்குட்டையை நுழைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று சர்வேயர் விசாரித்தார். புகை சார், என்றார் மருமகன்.

“தீ அணைஞ்சப்புறம் வந்த ஆளுக்கு எந்தப் புகை?” சர்வேயர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “முதல்ல இந்தச் சிகரெட். இரும்பே வளைஞ்ச இடத்துல காகிதம் மட்டும் பிழைச்சிருக்கு. நல்ல ஆயுசு அதுக்கு. அடுத்தது, தரையில கருகாத சதுரம். வெல்டிங் பண்றவன் பொறி விழாம இருக்கக் கீழ ஈரச் சாக்கு விரிப்பான். சோம்பேறி ஒரே ஒரு சாக்கு விரிப்பான். சாக்கைத் தாண்டித் தெறிச்சுப் பஞ்சைப் பத்தவச்ச உலோகம் இவன் பையில இருக்கு. மூணாவது, முகத்துக்குத் தடுப்புப் பிடிக்காம வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவனுக்கு மறுநாள் கண்ணுக்குள்ள மணலைக் கொட்டின மாதிரி இருக்கும். கண்ணாடியைக் கழட்டுங்களேன்.”

மருமகன் கழற்றவில்லை.

அவசரத்துக்கு ஒன்று புரியவில்லை. மின்கசிவு என்று சொல்லியிருக்கலாமே, எதற்குக் காவல்காரர்?

“மின்கசிவுன்னா கம்பியைச் சோதிக்க ஆள் வருவான், கூரைவரைக்கும் ஏறிப் பார்ப்பான், புது வெல்டிங் கண்ணுல படும். ஏழை மேல பழி போட்டா எவனும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான்.” சர்வேயர் முதலாளி பக்கம் திரும்பினார். “இன்சூரன்ஸ்ல சப்ரொகேஷன்னு ஒண்ணு இருக்கு. உங்க நஷ்டத்தைக் கம்பெனி கொடுத்துட்டா, நஷ்டம் பண்ணினவன்கிட்ட வசூலிக்கிற உங்க உரிமை கம்பெனிக்கு வந்துரும். உங்க இடத்துல நின்னு அது கேட்கும். மாப்பிள்ளை பேரைச் சொன்னா நேரா அவர் வீட்டு வாசலுக்குப் போகும். காவல்காரர் பேரைச் சொன்னா? அவர்கிட்ட வசூல் பண்ண என்ன இருக்கு, செருப்பா? கம்பெனி கைகழுவிரும்னு கணக்குப் போட்டீங்க. அவர் உள்ள போனா உங்களுக்கென்ன.”

“என் பொண்ணு வாழ்க்கை சார்,” என்றார் முதலாளி.

“உண்மையைச் சொல்லியிருந்தா உங்க பணமாவது வந்திருக்கும். பொய் சொன்னவருக்குக் காலணா கிடையாது. கொடுக்காத கம்பெனிக்கு உங்க இடத்துல நிக்கவும் உரிமை கிடையாது. ஆக, மாப்பிள்ளை மேல கேஸ் போடணும்னா இப்ப நீங்கதான் போடணும். எந்த உரிமை கைமாறக் கூடாதுன்னு பொய் சொன்னீங்களோ, அது பத்திரமா உங்ககிட்டயே இருக்கு.”

அதற்கும் முதலாளி அடங்கவில்லை. பூட்டைத் திறந்து காவல்காரரை வெளியே கூப்பிட்டு, போலீஸ் வரும்போது ஒத்துக்கொள், குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். காவல்காரர் தன் செருப்பு எங்கே என்று கேட்டார்.

“நேத்து ராத்திரி இவர் கண்ணுக்கு மருந்து விட்டது நான்தான்,” என்றாள் மகள், முதல்முறையாக வாய் திறந்து. “வெளியூராம்.”

கேட்டருகே போலீஸ் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. மருமகன் ஜன்னலைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். அவள் சாமான் அறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“உள்ள போங்க. சீக்கிரம்.”

ஒளித்துவைக்கிறாள் என்று நினைத்து அவர் நன்றியோடு தலையாட்டிவிட்டுக் குனிந்து நுழைந்தார். அவள் கதவைச் சாத்தி, சாவியோடு தொங்கிய பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைக் காவல்காரர் கையில் கொடுத்தாள்.