குப்பிக்குள் ஒரு கடைவாய்ப்பல்

அன்று செண்பகவல்லிக்குப் பல் உதிர்க்கும் நாள். காலையில் முப்பத்திரண்டு பற்களையும் மாநகராட்சி டப்பாவில் துப்பிவிட்டு, புதியவை முளைத்து வரும் மூன்று மணி நேரமும் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே அலுவலக வேலையைப் பார்த்தாள். மிதக்கும் தூத்துக்குடியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் இதுதான். வலி கிடையாது. பிறந்த மூன்றாம் நாளே பிடரியில் பதிக்கப்படும் வலியணை அந்தச் செய்தியை மூளைவரை விடாது. எங்காவது அடிபட்டால் மணிக்கட்டில் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஊரில் பல் மருத்துவ வரலாற்றுக் கழகத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள் இருந்ததே பெரிது. செண்பகவல்லி அதன் செயலாளர். தலைவர் குரூஸ் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற கப்பல் பொறியாளர். வியாழன் மாலைகளில் கூடி, பழைய குறடுகளைத் துடைத்து, காலால் மிதித்துச் சுற்றும் துளைகருவியைப் பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டுக் கலைவார்கள்.

கடலுக்கடியில் கிடந்த பழைய ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து அந்தக் குப்பி வந்ததும் எல்லாம் மாறிப்போனது.

குப்பிக்குள் ஒரு கடைவாய்ப்பல். அதன் வேரில், மிளகளவுக்கு ஒரு சாம்பல்நிற மூளைத்துளி. வலி மருந்துகளைச் சோதிப்பதற்காக, யாரோ ஒரு நோயாளியின் உயிரணுவிலிருந்து வளர்த்து, அவருடைய பல்லோடு நரம்பால் பொருத்தியிருந்தார்கள். ஊட்டநீர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டுகளாக அதைச் சாகவிடாமல் காத்து வந்திருந்தது.

குரூஸ் அண்ணாச்சி அதை நரம்புப்பட்டைகளோடு இணைத்தார். நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டால், வலியணையைத் தாண்டி, பல் உணர்வது நேராக நமக்குள் வரும். குப்பியின் மூடியைத் திருகித் திறந்து, பல்லின் சொத்தைக்குழியில் ஒரு சொட்டுக் குளிர்நீர் விட வேண்டும். மூன்று விநாடி. அதற்குள் பெரிய பெரிய ஆட்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டே மாதத்தில் கழகத்தில் நானூறு பேர்.

செண்பகவல்லியால் மட்டும் சிரிக்க முடியவில்லை. பட்டையைக் கழற்றிய பிறகும் நாக்கு அந்த இடத்தையே போய்த் தடவியது. அலுவலகத்தில், கூட்டம் நடக்கும் நேரத்தில், யாரோ தாடைக்குள் உட்கார்ந்து காத்திருப்பது போல இருந்தது. வலி போய்விட்டது, இது வேறு ஏதோ.

ஒரு மதியம் தனியாகக் கழகத்துக்குப் போனாள். பட்டையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். உள்ளே மங்கிய வலியோடு மெல்லிய துடிப்பு, தூங்குகிறவர் மூச்சைப் போல. குப்பியின் மூடியில் கை வைத்து அரைத்திருகு திருகினாள். தண்ணீர் விடவில்லை. விடப்போவதும் இல்லை.

துடிப்பு தாறுமாறாக ஓடியது. ஒடுங்க இடமில்லாத ஒன்று ஒடுங்கப் பார்த்தது. அவள் முதுகு வேர்த்துவிட்டது. மூடி அசைந்தால் அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வியாழனன்று அவள் மேடையேறினாள். "அது வெறும் சதை இல்ல. நாம வாரது அதுக்குத் தெரியுது. பயப்படுது. நாம ஒரு ஆளப் போட்டு வதைச்சுக்கிட்டு இருக்கோம்" என்றாள். அரங்கில் சிலர் அழுதார்கள். போதும், இத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் ஆறாயிரம் பேர் உறுப்பினராக விண்ணப்பித்திருந்தார்கள்.

"பயமும் சேந்து வருமான்னு கேக்குறாங்க" என்றார் குரூஸ் அண்ணாச்சி, நம்ப முடியாதவர் போல. "உன் பேச்சுதாம்மா காரணம். சனிக்கிழமை பெரிய அரங்கத்துல வச்சிருவோம்."

"அண்ணாச்சி, அதுக்கு வலிக்கும்."

"அதத்தான எல்லாரும் கேக்குறாங்க."

சனிக்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செண்பகவல்லி போனாள். உணவகத்தில் கிராம்பு எண்ணெய் வாங்கி வைத்திருந்தாள். பல்வலிக்குக் கிராம்பு என்று கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றியே பதினான்கு கட்டுரைகள் வாசிக்கப்பட்டிருந்தன. இந்தப் பல்லுக்கு அதை வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் அதுவரை தோன்றவில்லை.

பட்டையைக் கட்டிக்கொண்டாள். அதை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பிக்க மனம் வரவில்லை. மூடியைத் திறந்ததும் அந்தப் பயம் அவளுக்குள் பாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எண்ணெயில் நனைத்த பஞ்சைக் குழியில் வைத்தாள். குளிருக்காகக் காத்திருந்த அது, குளிர் வராததால் இன்னும் பயந்தது. பிறகு ஓரம் மரத்தது. நடு மரத்தது. நூற்றைம்பது ஆண்டுகளில் முதல் தடவையாக வலி அதை விட்டு விலகியது. அவளுக்குக் கண்ணீர் வந்தது. அது தன்னுடையதா, அதனுடையதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு குறடு எடுத்தாள். கழகத்தில் யாரும் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லை. இறுகப் பிடித்து, லேசாக அசைத்து, இழுத்தாள். நரம்பு அறுந்தது. ஊட்டநீரில் மிதந்த மிளகுத்துளி இரண்டு தடவை துடித்தது. நெடுநேரம் அடக்கிய மூச்சை யாரோ வெளியே விட்டதைப் போலிருந்தது. பின் ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. குரூஸ் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால், சீக்கிரமே வந்து சேர்ந்திருந்த ஒரு கூட்டம்.

அவள் கையில் குறடு இருந்ததைப் பார்த்தார். அதன் நுனியிலிருந்த பல்லைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொன்னுட்டியாம்மா?"

"விட்டுட்டேன், அண்ணாச்சி."

"வலிச்சுதா அதுக்கு?"

"இல்ல. கடைசியில நிம்மதியா இருந்துச்சு. நான் கூடவே இருந்தேன்."

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். புரிந்துகொண்டுவிட்டார் என்று செண்பகவல்லி நினைத்தாள். வாசலில் நின்ற கூட்டமும் மூச்சுவிடாமல் முன்னால் சாய்ந்தது.

"செண்பகம்," என்றார் அண்ணாச்சி, கெஞ்சுகிற குரலில், "அதப் பதிவு பண்ணினியா?"