அரைக் கழுத்து தூரம்

எஸ்தர் பயப்படுவது பூந்திக்குத் தெரிந்துவிட்டது. கடிவாளத்தைப் பிடித்திருப்பவரின் பயம் குதிரையிடம் மறையாது. பூந்தி தலையை ஒருமுறை உதறிவிட்டுப் பக்கத்தில் நின்ற குதிரையைப் பார்த்தது.

பக்கத்தில் நின்ற குதிரை செத்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

அது கொண்டல். ஓடிய பந்தயம் ஒன்றில்கூடத் தோற்காத கொண்டல். கடைசிப் பந்தயத்தில் முன்னங்கால் எலும்பு விண்டுபோன பிறகும் ஓடி, எல்லைக் கம்பத்தைத் தாண்டி, அதற்குப் பிறகே விழுந்து உயிரைவிட்ட குதிரை. ஜனங்கள் அதன் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள், பேருந்துகளுக்கு வைத்தார்கள், ஒரு பல்பொடியைக்கூட விடவில்லை. எஸ்தர் பள்ளிக்கூட நாட்களில் அதன் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்து, அதற்கு ‘குட்நைட்’ சொல்லிவிட்டுத்தான் தூங்குவாள். அவள் குதிரை ஓட்ட வந்ததே கொண்டலால்தான்.

இப்போது நிற்பது வெறும் வெளிச்சம். நெய்தல் திடலின் ஓடுபாதை நெடுக நட்டிருந்த ஒளித்தூண்கள் காற்றில் வார்த்த உருவம். நிழலோடி என்று பெயர். கொண்டல் ஓடிய பந்தயங்களின் படங்கள், இதயத்துடிப்பு, தசையசைவு, இன்னொரு குதிரை நெருங்கினால் அது செய்த காரியம் என்று எல்லாவற்றையும் கணினிக்கு ஊட்டி அதை உருவாக்கியவர் இளம்பரிதி. “வேகத்தை யார் வேணும்னாலும் செஞ்சிடலாம். நான் செஞ்சது பிடிவாதம்” என்பார் பேட்டிகளில். தன்னடக்கம் என்ற வியாதி அண்டாத மனிதர்.

அவருடைய தூண்கள் பள்ளி மைதானங்களுக்கும் கடற்கரை நடைபாதைகளுக்கும் வந்துவிட்டன. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு முன்னால்கூடக் கொண்டல் நடைபோட்டது. ஊரே இளைத்தது. சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார்கள்தான். அவர்களுக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் இதே திடலில் நிழலோடியோடு ஓடிய இரண்டு குதிரைகள் இதயம் வெடித்து விழுந்தன. அவற்றுக்கும் பலவீனம்தானாம். ஒரு குதிரையை ஓட்டிய குமரகுருவை நிறுத்தச் சொல்லி எல்லோரும் தலைக்கவச வானொலியில் கத்தியபோது, அவன் சொன்ன பதிலை எஸ்தரும் கேட்டாள். “இன்னும் அரைக் கழுத்துதாண்ணே.” நிழலோடியை எட்ட, குதிரைக் கழுத்தில் பாதி நீளம்தான் பாக்கி என்று அர்த்தம். அவன் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

“எஸ்தரு, வேணாம்னா இப்பவே சொல்லிடும்மா” என்றார் பயிற்சியாளர் ரஹ்மத்துல்லா பாய், வானொலி வழியாக அவள் காதுக்குள். “பூந்திக்கு வயித்துவலின்னு சொல்லிடறேன்.”

“ஓட்டறேன் பாய். மூச்சு வாங்குச்சுன்னா இழுத்து நிறுத்திடுவேன்.”

“இழுத்தா நிக்குமா அது? அதுவும் உன்ன மாதிரிதான். அழுத்தக்காரி.”

பயமாக இருந்தது. ஆனால் கொண்டலோடு சேர்ந்து ஓடும் வாய்ப்பு இன்னொரு முறை வருமா? இப்படித்தான் அவள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

கதவு திறந்தது.

முதல் வளைவுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது வளைவில் பூந்தி நிழலோடியை நெருங்கியது. முன்னால் ஓடும் அந்தக் கழுத்தை, படத்தில் ஆயிரம் முறை பார்த்த அந்தக் கழுத்தை, எஸ்தர் கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அரைக் கழுத்துதான் வித்தியாசம்.

நேர்ப்பாதையிலும் அரைக் கழுத்துதான். பூந்தி வேகத்தைக் கூட்டியது. அப்போதும் அரைக் கழுத்துதான். பூந்தியின் மூச்சு ரம்பம் அறுப்பதுபோலக் கேட்டது. வாயிலிருந்து தெறித்த நுரை எஸ்தரின் கையில் விழுந்தது. அதில் சிவப்பு கலந்திருந்தது.

“துடிப்பு எங்கேயோ ஏறிப்போயிடுச்சும்மா! இழு!” என்று கத்தினார் பாய்.

இழுத்தாள். பூந்தி கேட்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு குதிரை ஓடுகிறது, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு நிற்க பூந்திக்குத் தெரியாது. எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. இது சாகப்போகிறது, என் தொடைகளுக்கு நடுவிலேயே சாகப்போகிறது.

அப்போதுதான் அவள் அந்தக் காதைக் கவனித்தாள். நிழலோடியின் ஒரு காது பின்பக்கம் திரும்பியிருந்தது. பூந்தியின் மூச்சை அது கேட்டுக்கொண்டிருந்தது.

கொண்டல் எந்தப் பந்தயத்திலும் அரைக் கழுத்துக்கு மேல் ஜெயித்ததே இல்லை. நோஞ்சான் குதிரையோடு ஓடினாலும் அவ்வளவுதான், சூரனோடு ஓடினாலும் அவ்வளவுதான். எதிரியை அவமானப்படுத்தாத பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்து எஸ்தரும் உருகியிருக்கிறாள். பெருந்தன்மையும் இல்லை ஒன்றும் இல்லை. அது எல்லைக் கம்பத்தை நோக்கி ஓடவேயில்லை. பக்கத்தில் வருபவனைப் பார்த்து, அவனுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது, அவ்வளவுதான். உயிரோடிருந்த கொண்டலுக்கு ஒரு இதயம் இருந்தது, ஒரு நாள் அது நின்றது. வெளிச்சத்துக்கு என்ன இருக்கிறது நிற்பதற்கு?

அப்படியென்றால், நாம் குறைந்தால் அதுவும் குறையும்.

எஸ்தர் ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் முழு பலத்தோடு இழுத்தாள். பூந்தியின் தலை திரும்பியது, நடை குலைந்தது. நிழலோடியின் வேகமும் குறைந்தது. நாலுகால் பாய்ச்சல் ஓட்டமாயிற்று, ஓட்டம் நடையாயிற்று. கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூந்தி நின்றது.

நிழலோடியும் நின்றது, அரைக் கழுத்து முன்னால். திடலில் இருந்த கூட்டம் முழுக்க அதையே பார்த்தது. மூச்சே தேவைப்படாத அந்த உருவத்தின் விலா ஏறி ஏறி இறங்கியது. ஒரு காது மட்டும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. கம்பம் கூப்பிடு தூரம்கூட இல்லை, அது போகலாம், போய் ஜெயிக்கலாம். போகவில்லை. காத்திருந்தது.

“பாய், தூணை அணைக்கச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேம்மா. முடியாதுங்கறார் இளம்பரிதி. பாதியில அணைச்சா கொண்டல் தோத்ததா ஆயிடுமாம்.”

பூந்தி மறுபடி கழுத்தை நீட்டியது. எஸ்தர் குதித்து இறங்கி, மேலே போட்டிருந்த பட்டுச்சட்டையைக் கழற்றிப் பூந்தியின் கண்களைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். குதிரை நடுங்கியது, பிறகு மெல்ல அடங்கியது. அவள் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு, “போதும்டி என் தங்கம், ஜெயிச்சது போதும்” என்றாள். பூந்தி பிழைத்துவிட்டது. 

வெளியேறும் வாசல் கம்பத்தைத் தாண்டி இருந்தது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பூந்தியை நடத்தினாள்.

நிழலோடியும் நடந்தது. அதன் காது இப்போது பூந்தியின் பக்கம் இல்லை. எஸ்தரின் பக்கம் இருந்தது.

“என்கிட்ட என்ன உனக்கு?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அது அவளுக்கு அரைக் கழுத்து முன்னால் சென்றது. அவள் ஓர் எட்டு வேகமாக வைத்தாள், சும்மா, என்ன செய்கிறதென்று பார்க்க. அதுவும் ஓர் எட்டு வைத்தது. உலகத்தில் ஒருவரும் முந்தாத கொண்டல். கம்பம் இதோ இருக்கிறது. யாரோ ஒருவன், “விடாத எஸ்தர்!” என்று கத்தினான். உடனே திடல் முழுவதும் எழுந்து கத்தத் தொடங்கியது.

“எஸ்தரு!” பாயின் குரல் உடைந்திருந்தது. “என்னம்மா பண்ற? குதிரைய விட்டுட்டு எங்க ஓடற?”

அவள் தன் கையைப் பார்த்தாள். அதில் கடிவாளம் இல்லை. பின்னால் எங்கோ பூந்தி கண்கட்டோடு நின்றிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கத்தான் நினைத்தாள், ஆனால் திரும்பினால் ஓர் எட்டு போய்விடும். நெஞ்சுக்குள் ஏதோ கிழிவதுபோல் வலித்தது. அந்தக் காது அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னும் அரைக் கழுத்துதான் பாய்” என்றாள்.